சிங்கத்துக்குக் கட்டிய காப்பு

காப்புக் கட்டும்போது அங்கே இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். பூசாரி இருந்தார். தர்மகர்த்தா இருந்தார், வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு. டிராக்டர்காரர் இருந்தார், அத்திமரத்தை அவர் வண்டியில்தான் கொண்டுவந்து இறக்கினோம். டீக்கடைக்காரர் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து நின்றார். என் மச்சான் இருந்தான். என் பெண்சாதிக்கு அண்ணன், மணிமங்கலத்து ஆள், மரத்தில் அவனைப் போல வேலை செய்கிறவன் அந்தப் பக்கத்தில் இல்லை. என் பெண்சாதி இருந்தாள், எட்டாம் மாதம், கோயில் தூணில் சாய்ந்துகொண்டு. கடைசியாக நான். தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்று, ஆனி மாதம். எங்கள் ஊர் வல்லக்கோட்டைக்குப் பக்கம். அம்மன் கோயிலில் இருந்த பழைய சிங்கத்தைக் கறையான் தின்றுவிட்டது. ஆடிக் கடைசி வெள்ளிக்கு அம்மன் ஏறி வருவதற்குப் புதுச் சிங்கம் வேண்டும். மச்சான் எங்கள் வீட்டில் தங்கிச் செய்வது, நான் கூட இருந்து வெட்டித் தருவது, இழைத்துத் தருவது. அப்படித்தான் பேச்சு.

எங்கள் ஊரில் ஒரு கட்டு உண்டு. சாமிக்கு வாகனம் செய்கிறவனுக்கு, மரத்தில் முதல் வெட்டு விழுவதற்கு முன்னால், மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கு கோத்துக் கையில் காப்புக் கட்டுவார்கள். வாகனத்துக்குக் கண் திறக்கிற அன்றைக்குத்தான் அவிழ்ப்பார்கள். அதுவரைக்கும் அவன் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. நல்லது கெட்டது எதற்கும் போகக்கூடாது. தாண்டினால் அந்த மரம் சாமிக்கு ஆகாது. அவனுக்கும் ஆகாது என்று சொல்வார்கள்.

மச்சானுக்கு இடது கைப் பழக்கம். பூசாரி வலது கையை நீட்டச் சொன்னார். மச்சான் இடது கையை நீட்டினான்.

“நொட்டாங்கையில கட்ட மாட்டேன்பா.”

“நான் உளி புடிக்கிறது இந்தக் கைதான். வேல செய்யற கைக்குக் கட்டுவியா, சோறு துன்ற கைக்குக் கட்டுவியா?”

“உங்க மணிமங்கலத்துல எப்பிடியோ. இங்க சோத்தாங்கைதான்.”

“அப்ப சிங்கத்தையும் சோத்தாங்கையே செஞ்சிக்கட்டும்.”

பூசாரிக்குக் கோபம் வந்துவிட்டது. கண் மச்சான்மேல் இருந்தது, கை தன் பாட்டுக்குக் கயிற்றை எடுத்தது. தட்டைப் பிடித்திருந்த என் வலது கை அவர் மூக்குக்கு நேராக இருந்தது. மச்சானைத் திட்டிக்கொண்டே அந்தக் கையில் சுற்றி முடிச்சுப் போட்டார். பெரியவர் பேசும்போது நடுவில் பேசக்கூடாது என்று நான் சும்மா நின்றேன். மூன்றாவது முடிச்சு விழும்போதுதான் டிராக்டர்காரர் பார்த்தார்.

“யோவ்! தட்டு புடிச்சவனுக்குக் கட்டிட்டயே!”

பூசாரி என் கையைப் பார்த்தார். அப்புறம் அம்மனைப் பார்த்தார்.

“கட்டனது கட்டனதுதான். அம்மா இவனத்தான் கேட்டுகிறா.”

தர்மகர்த்தா என் கையைப் புரட்டிப் பார்த்தார். “இவனும் உளி புடிக்கிறவன்தான? உள்ளூர்க்காரன். இவன் எங்க போவப் போறான்?” என்றார்.

“மூணு முடிச்சி உழுந்துடுச்சிபா,” என்றார் டீக்கடைக்காரர். “இனிமே இவனுக்கு ரெண்டு சம்சாரம்.”

என் பெண்சாதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “மூத்தவ நான்தான். அத்த அந்தச் சிங்கத்துகிட்ட சொல்லி வையுங்க,” என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கோயிலுக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகை போட்டுக் கொடுத்தார்கள். வாகனம் ஒரே மரத்தில் குடைவது இல்லை. உடம்பைப் பலகை சேர்த்துச் செய்ய வேண்டும், உள்ளே காலியாக இருக்கும், தூக்குகிறவர்களுக்குத் தோள் தாங்க வேண்டுமே. கால்கள் தனி. முகம் தனிக் கட்டை. அதைக் கடைசியில் செதுக்கிக் கழுத்தில் பொருத்துவார்கள். முகம் வந்த பிறகுதான் கண்.

மச்சான் சிங்கத்தை நேரில் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஒருநாள் வண்டலூர் போனான். அவனுக்குக் காப்பு இல்லை, அவன் போகலாம். சாயங்காலம் வந்தான்.

“எப்பிடி கீது?” என்றேன்.

“தூங்கிகினு கீது. வாயில ஈ மொய்க்குது. அத்தப் பாத்துச் செஞ்சா அம்மா நம்மள ஒதைப்பா.”

பழைய சிங்கத்தின் தாடை மட்டும் கறையானுக்குத் தப்பியிருந்தது. அதைப் பார்த்துச் செய்வதாக முடிவு செய்தான்.

எனக்கு வேலை இருந்தது, சோறு இருந்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் எல்லைக் கல் எங்கே இருக்கிறது என்று அதற்கு முன்னால் நான் கவனித்ததே இல்லை. ஏரிக்கரை இறங்குகிற இடத்தில் ஒரு கல். பஸ் நிற்கிற இடம் கல்லுக்கு அந்தப் பக்கம். டீக்கடையும் அந்தப் பக்கம். என் ஆயுசில் ஆயிரம் முறை தாண்டியிருப்பேன். இப்போது கல் வரைக்கும் நடந்துபோய் நிற்பேன். டீக்கடைக்காரர் கிளாஸை எடுத்துக்கொண்டு வந்து கல்லுக்கு மேலே கையை நீட்டிக் கொடுப்பார். குடித்துவிட்டுத் திருப்பித் தருவேன்.

காலையில் ஷிப்டுக்குப் போகிறவர்கள் கம்பெனி வேனுக்கு அங்கே நிற்பார்கள். எல்லோரும் என்கூட விளையாடினவர்கள்.

“இன்னா கைதி, உள்ள சோறு எப்பிடி?”

“ஜாமீனு எப்பபா?”

“உடுங்கடா, புது மாப்ள. சின்ன வூட்ட உட்டுட்டு வர முடியுமா?”

வேன் வரும். ஏறிப் போய்விடுவார்கள். நான் திரும்பி நடப்பேன். கொட்டகை, கோயில், வீடு, கல். வேறு எங்கேயும் போக எனக்கு வேலையும் இல்லை. காப்புக் கட்டாவிட்டாலும் அங்கேயேதான் இருந்திருப்பேன். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் மூச்சு முட்டியது. தூங்கும்போது அந்தக் கயிறு கன்னத்தில் படும். விழித்துக்கொள்வேன்.

ஒன்பதாம் மாதம் வளைகாப்பு முடிந்து என் பெண்சாதி பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனாள். மாமியார் வந்து அழைத்துப்போனார். என் கையைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

“புள்ளத்தாச்சி புருசனுக்கா கட்டனீங்க? ஒருத்தருக்கும் புத்தி இல்லியா?”

நான் பையைத் தூக்கிக்கொண்டு கல் வரைக்கும் போனேன். அங்கே பையைக் கீழே வைத்தேன். பெண்சாதி அந்தப் பக்கம் போய்க் குனிய முடியாமல் குனிந்து எடுத்தாள்.

“வந்துடுவ இல்ல?” என்றாள்.

“கண்ணு தொறந்ததும் வரேன்.”

“அது தொறக்கறதுக்குள்ள உன் புள்ள தொறந்துடும் போல கீது.”

பஸ் வந்தது.

ஆடி பிறந்து கொஞ்ச நாளில் அது நடந்தது. மச்சான் தங்கையைப் பார்க்க முந்தின நாள் மணிமங்கலம் போயிருந்தான். நான் சிங்கத்தின் பின்னங்காலில் நகம் செதுக்கிக்கொண்டிருந்தேன். காலை வெயில் ஏறவில்லை. மச்சான் பஸ்ஸில் வந்து இறங்கிக் கொட்டகைக்கு ஓடி வந்தான். அவன் ஓடி நான் பார்த்ததில்லை.

“மாப்ள, கெளம்பு. வலி முன்னாடியே வந்துடுச்சி. ரத்தம் நிக்கல. செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு எடுத்துகினு போயிட்டாங்க.”

உளியைப் போட்டுவிட்டு நடந்தேன். சட்டை போடவில்லை. கல்லுக்கு வந்ததும் கால் நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை, தானாக நின்றது. மச்சான் அந்தப் பக்கம் போய்விட்டுத் திரும்பிப் பார்த்தான்.

“வாயேன்டா!”

பின்னால் பூசாரி ஓடி வந்தார். தர்மகர்த்தா வந்தார். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள்.

“காப்ப அவுத்து உடு,” என்றான் மச்சான்.

“கண்ணு தொறக்காம எப்பிடிப்பா அவுக்கறது?”

“மூஞ்சே இல்ல. கண்ண எங்க தொறக்கறது? முதுவுலயா?”

“என்ன ஏன் திட்டற? நான் கட்டனனா? அம்மா கட்டனா.”

“மாத்திக் கட்டனது நீ. அங்க கெடக்கறது என் தங்கச்சி.”

தர்மகர்த்தா யாரையும் பார்க்காமல் பேசினார். “தாண்டிட்டான்னா சிங்கம் வெறும் கட்டதான். இந்த வருசம் அம்மா நடந்துதான் போவணும். அது போவட்டும். தாண்டனவனுக்கு இன்னா ஆவும்னுதான் பயமா கீது. அந்தப் பொண்ணு வேற இந்த நெலமையில.”

அறுப்பதற்கு என்ன. கொட்டகை நிறைய உளி கிடந்தது. பல்லால் கடித்தாலே அறுந்துவிடும். அவ்வளவு மெல்லிய கயிறு. அறுத்தால் யாருக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் ஆகாது என்று இன்றைக்குச் சொல்லலாம். அன்றைக்கு அவளை வைத்து அதைச் சோதித்துப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. நான் கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

டிராக்டர்காரர் அதுவரை பீடி பிடித்துக்கொண்டிருந்தார். பீடியைப் போட்டு மிதித்தார்.

“பூசாரி, ஒண்ணு சொல்லு. இந்தக் காப்ப இன்னாத்துக்குக் கட்டன? ஊருக்கா, சிங்கத்துக்கா?”

“சிங்கத்துக்குத்தான்.”

“அப்ப இவன் சிங்கத்த உட்டுத்தான போவக்கூடாது?”

“அப்பிடியும் சொல்லலாம்.”

“அப்ப சிங்கத்த வண்டியில ஏத்து.”

யாரோ சிரித்தார்கள். தர்மகர்த்தா சிரிக்கவில்லை. பூசாரியைப் பார்த்தார். பூசாரி கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

“ஏத்தலாம். ஆனா ஒண்ணு. அது இவன் கண்ண உட்டு மறையக்கூடாது. மறைஞ்சா தாண்டன மாரிதான்.”

முகம் இல்லாத சிங்கத்தை டிரெய்லரில் ஏற்றினோம். கழுத்தில் முகம் பொருத்துகிற துளை அப்படியே திறந்து கிடந்தது. மஞ்சள் துணி போட்டு மூடினோம். நான் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மச்சான், பூசாரி, தர்மகர்த்தா, டீக்கடைக்காரர் நான்கு பேரும் ஏறினார்கள். டிராக்டர்காரர் ஓட்டினார். எல்லைக் கல் பக்கத்தில் போனபோது பூசாரி கற்பூரம் கொளுத்தினார். நான் கல்லைப் பார்க்கவில்லை.

டிராக்டர் எவ்வளவு வேகம் போகும். பக்கத்தில் சைக்கிள்காரன் தாண்டிப் போனான். மச்சான் மட்டும் “மிதி, மிதி” என்று கத்திக்கொண்டே வந்தான்.

ஒரகடம் கூட்டுரோட்டில் போலீஸ் கை காட்டியது. தலைவரைக் குண்டு வைத்துக் கொன்ற அந்த மே மாதத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்து ரோடுகளில் மூடி எடுத்துப்போகிற எதையும் அவர்கள் சும்மா விட்டதில்லை.

“துணிக்கு உள்ள இன்னா?”

“சிங்கம் சார்,” என்றார் டீக்கடைக்காரர்.

“எறங்கு எல்லாரும்.”

எல்லோரும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை.

“உனக்குத் தனியா சொல்லணுமா?”

“இவன் எறங்கக் கூடாது சார். காப்புக் கட்டிகிறான்,” என்றார் பூசாரி.

போலீஸ்காரர் துணியைத் தூக்கினார். கழுத்துத் துளைக்குள் டார்ச் அடித்தார். கையை விட்டுத் துழாவினார். வயிற்றைத் தட்டினார், காலிச் சத்தம் வந்தது. இன்னொருவரைக் கூப்பிட்டார். அவரும் தட்டினார்.

“மூஞ்சி எங்கய்யா?”

“இன்னும் செய்யல சார்.”

“மூஞ்சி இல்லாத சிங்கத்த எங்க எடுத்துகினு போற?”

“பெரியாஸ்பத்திரிக்கு சார்,” என்றான் மச்சான்.

அந்தப் பதிலுக்கு எங்களை ஓரம் கட்டச் சொன்னார்கள். பெரியவர் ஒருவர் ஜீப்பில் வர வேண்டுமாம். வெயில் ஏறியது. லாரிகள் போயின. தர்மகர்த்தா எல்லோரிடமும் போய்க் கும்பிட்டுப் பேசினார். நான் சிங்கத்தின் முதுகில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து ரோடு நேராகத் தெரிந்தது. போக முடியவில்லை. மச்சான் அழுதுவிட்டான். அதைப் பார்த்துதான் ஒரு போலீஸ்காரர் வந்து என்னிடம் கேட்டார்.

“யாருக்கு ஒடம்பு சரியில்ல?”

“என் பெண்சாதிக்கு.”

“இத்த எதுக்கு எடுத்துகினு போற?”

“உட்டுட்டுப் போவ முடியாது.”

அவர் என் கையைப் பார்த்தார். காப்பைப் பார்த்தார். ஜீப் வருவதற்கு முன்னால் அவரே போகச் சொல்லிவிட்டார்.

பெரியாஸ்பத்திரி வாசலில் வாட்ச்மேன் டிராக்டரை உள்ளே விடவில்லை.

“சிங்கத்துக்கு இன்னா ஒடம்பு?” என்றார்.

சொல்லிப் பார்த்தோம். வண்டி உள்ளே வரக்கூடாது, அதுதான் சட்டம் என்றார். அவர் மேல் தப்பு இல்லை. சிங்கத்தை இறக்கித் தூக்கிக்கொண்டு போகலாம் என்றால் அதற்கும் கூடாது. கேட்டுக்கு வெளியே, புளியமரத்துக்குக் கீழே வண்டியை நிறுத்தினோம். பிரசவ வார்டு எது என்று மச்சான் காட்டினான். முன்கட்டடத்துக்குப் பின்னால். அங்கே போனால் சிங்கம் கண்ணுக்குத் தெரியாது.

மச்சான் மட்டும் உள்ளே போனான். போய் வந்தான்.

“உசுரு கீது. ஆபரேசன் பண்ணணுமாம். ரத்தம் நெறைய போயிடுச்சி. ரத்தம் குடுக்க ஆள் வோணும். புருசன் எங்கன்னு கேக்கறாங்க.”

“சேருமா என் ரத்தம்?”

“உள்ள வந்தாதான் பாப்பாங்க.”

நான் பூசாரியைப் பார்த்தேன். “போவட்டுமா?” என்றேன்.

அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். “என்னக் கேக்காத,” என்றார்.

சம்மதக் காகிதம் ஒன்றை மச்சான் வெளியே எடுத்து வந்தான். சிங்கத்தின் முதுகு மட்டமாக இருந்தது. அதன்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

முதலில் மச்சானே போய்க் கை நீட்டினான். அவனுடையது சேர்ந்தது. அது போதாது என்றார்கள். தர்மகர்த்தா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போனார். சர்க்கரை இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். டிராக்டர்காரர் போனார். ராத்திரி குடித்திருந்தார், வாசனையிலேயே தெரிந்துவிட்டது. “ரத்தம் நல்லாத்தான் கீது, நாத்தம்தான் ஆவலியாம்,” என்று தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். டீக்கடைக்காரர் போனார். அவர் நெடுநேரம் வரவில்லை. வந்தபோது முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்துப் பிடித்திருந்தார்.

“டீயா ஏறப் போவுது உன் பொண்டாட்டிக்கு,” என்றார். அவருக்குத் தலை சுற்றியது. டயரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

இன்னும் வேண்டும் என்று உள்ளேயிருந்து ஒரு ஆள் வந்து சொன்னார். மிச்சம் இருந்தது பூசாரிதான். ஊசி என்றால் அவருக்கு எப்போதும் பயம். காலரா ஊசி போட வந்தபோது கர்ப்பக்கிரகத்துக்குள் போய் ஒளிந்தவர். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே போனார்.

தர்மகர்த்தா டீக்கடைக்காரருக்கு சோடா வாங்கிக் கொடுக்கக் கூட்டிப்போனார். டிராக்டர்காரர் வண்டிக்குத் தண்ணீர் தேடிப் போனார். நானும் சிங்கமும் மட்டும் இருந்தோம். என்னைப் பார்த்துக்கொண்டிருந்தவர் யாரும் இல்லை.

கேட் வரைக்கும் போனேன். வாட்ச்மேன் ஒரு கதவைத் திறந்தார்.

“போறதுன்னா போபா. உன் சிங்கத்த நான் பாத்துக்கிறேன். ஒண்ணும் ஓடிடாது.”

உள்ளே போனால் அவள் கையைப் பிடிக்கலாம். போன பிறகு அவளுக்கு ஏதாவது ஆனால், நான் தாண்டினதால் ஆனது. போகாமல் ஏதாவது ஆனால், நான் போகாததால் ஆனது. இரண்டு பக்கமும் கதவு அடைத்த மாதிரி இருந்தது. திரும்பி வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.

என் பெண்சாதி இதைப் பற்றிப் பிற்பாடு ஒரே ஒரு முறைதான் கேட்டாள். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு கட்டைக்காவ வெளியவே நின்னுட்ட இல்ல?”

“ஆமாம்,” என்றேன்.

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ‘உனக்காகத்தான்’ என்று சொல்லியிருப்பேன். அது அவளுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று தெரியவில்லை.

பூசாரி வெளியே வந்தார். கையில் பஞ்சு. முகத்தில் ரத்தமே இல்லை. வண்டியில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“சோத்தாங்கைலயா எடுத்தாங்க?” என்றேன். ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை.

“நொட்டாங்கைல,” என்றார்.

புளியமரத்து நிழல் வண்டியை விட்டு நகர்ந்தது. வெயில் சிங்கத்தின்மேல் விழுந்தது. பச்சை மரம் வெடித்துவிடும் என்று துணியை நனைத்துப் போட்டேன். காய்ந்தது. மறுபடியும் நனைத்தேன். உள்ளேயிருந்து யார் வெளியே வந்தாலும் எழுந்து நின்றேன். மற்றவர்களுக்கு வந்தவர்கள். உட்கார்ந்தேன்.

வெயில் தணிகிற நேரத்துக்கு மச்சான் முன்கட்டடத்துப் படியில் இறங்கி வந்தான். ஓடி வரவில்லை. நடந்து வந்தான். அவன் நடையைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்டைத் தாண்டி வந்து டிரெய்லர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“பொண்ணு,” என்றான். “ரெண்டு பேரும் கீறாங்க. அவ கண்ணு முழிச்சிட்டா.”

பூசாரி கையைத் தலைக்கு மேலே தூக்கினார். தர்மகர்த்தா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் சிங்கத்தின் முதுகிலிருந்து கையை எடுக்கவில்லை.

“எவ்ளோ ரத்தம் ஏத்தனாங்க?” என்று கேட்டேன்.

மச்சான் இடது கையைத் தூக்கி மூன்று விரலைக் காட்டினான்.

“மூணு பாட்டில். எங்க மூணு பேரோடது.”